குதிரை நூற் கல்வியும் ஈழத்துக் கரையும்

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்பால், கொட்டியாரக் குடாவை அடுத்துள்ள மூதூரிலே, 1660 ஆம் ஆண்டில் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞனும் கப்பற்றலைவனாகிய அவன் தந்தையும் கண்டியரசனின் ஆட்களாற் சிறைப்படுத்தப்பட்டனர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டிற் கைதியாயிருந்து தப்பிச் சென்ற நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட தன் நூலில் இந்நாட்டு விலங்குகளை வரிசைப்படுத்திக் கூறுமிடத்து, இங்கு இல்லாதவை இவை எனவும் சில பெயர்களைத் தந்தான். சிங்கம், ஓநாய், கழுதை, செம்மறி என்பவற்றோடு குதிரையும் அவ்வில்லாப் பட்டியலில் இடம்பெற்றது.

இஃது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி. குதிரையை அறியாத நாடன்று ஈழம். மகாவமிசம் கூறும் முதற்றமிழ் வேந்தர்களாகிய சேனன், குத்திகன் என்போர் குதிரைக் கப்பலோட்டி ஒருவனின் மக்கள். அநுராதபுரத்தைக் கைப்பற்றி இருபத்திரண்டு ஆண்டுகள் முறை தவறாது ஆண்டனர் என்று அந்நூலே சான்று பகர்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவிற் பொறிப்பித்த தமிழ்க் கல்வெட்டோ இன்னுந் தெளிவானது. ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகர்க்குக் காவல் வழங்குவதாகக் கூறும் அக்கல்வெட்டு, யானையுங் குதிரையுங் கொணரும் மரக்கலம் உடைந்தால் நான்கிலொரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியவாகும் என்று விதிக்கின்றது. ஏனைய சரக்கேற்றிய கலம் உடைந்தாலோ செம்பாதி அரசனுக்கு. குதிரை வணிகனுக்குக் காட்டப்பட்ட சலுகை எத்துணைப் பெரிதென்பது இவ்விரு கணக்கையும் ஒப்பிடுவார்க்கு விளங்கும். அரசனுக்குக் குதிரை வேண்டும். வணிகன் அஞ்சி வேறு துறைக்குப் போய்விடலாகாது. கடலிற் குதிரையை ஏற்றிவருவதோ இடர் நிறைந்த தொழில்.

ஆக, நூற்றாண்டுகளாகக் குதிரை இறக்குமதியாயிற்று. ஆயினும் நாட்டு விலங்காகப் பெருகவில்லை. அக்கரையில் நிலைமை வேறன்று. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வங்களுள் கடல்வழி வந்த குதிரைகளைக் கூறுகின்றது. மாணிக்கவாசகர் வரலாறு முழுவதுமே பாண்டியன் குதிரை வாங்கப் பொன் கொடுத்து அனுப்பியதை அச்சாகக் கொண்டு சுழல்கின்றது. இறைவனே குதிரைச் சேவகனாய் எழுந்தருளினான் என்பது சைவ உலகம் போற்றும் அருட்செயல். அதன் பொருளை ஈண்டு ஆராயப் புகுதல் வேண்டா. வரலாற்று மாணவன் கருத்திற் கொள்ளவேண்டுவது ஒன்றே: அரசன் கருவூலத்திலிருந்து பெரும்பொருளைக் கவர்ந்துசெல்லும் பண்டமாகக் குதிரை இருந்தது என்பதை அக்காலத்துத் தமிழ் மக்கள் நன்கறிந்திருந்தனர்.

எத்துணைப் பொருள்? பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோவும், அதனையடுத்த காலத்திற் பாரசீக மொழியில் வரலாறு எழுதிய வசாபு என்பாரும் இதற்கு விடை தருகின்றனர். ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் பாரசீகக் குடாத் துறைகளிலிருந்து தென்னிந்தியாவுக்கு ஏற்றப்பட்டன என்றும், ஒரு குதிரையின் விலை செம்பொன் தினார் 220 என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டது என்றும் வசாபு எழுதினார். போலோவோ, பாண்டிய மன்னன் ஒருவன் மட்டுமே ஆண்டுக்கு 2000 குதிரைக்கு மேல் வாங்குகின்றான், அவன் உடன்பிறந்தார் நால்வரும் அவ்வாறே செய்கின்றனர், ஆயின் ஆண்டிறுதியில் அவர்களிடம் 100 குதிரைகூட எஞ்சுவதில்லை என்கின்றார். எண்களிற் பயணியின் மிகை கலந்திருக்கலாம். ஆயினும் இருவரும் வெவ்வேறு இடத்திலிருந்து ஒரே நிலைமையைக் கூறுகின்றமையால் அதனைப் புறந்தள்ளல் இயலாது.

இறப்புக்குக் காரணமாகப் போலோ கூறுவன மூன்று. நாட்டில் லாடம் கட்டுவோரும் குதிரை மருத்துவரும் இல்லை. வணிகர் அத்தகையோரை வேண்டுமென்றே வரவிடுவதில்லை. குதிரைக்குச் சோற்றோடு சமைத்த இறைச்சி கொடுக்கப்படுகின்றது. இரண்டாவது குற்றச்சாட்டு உண்மையாயின் வணிக உலகின் மிகப் பழைய சூழ்ச்சிகளுள் அதுவும் ஒன்றாகும்: பொருளை விற்று அதனைப் பேணும் அறிவை மறைத்துவைத்தல். வசாபு உணவைப்பற்றி வேறுவிதமாகக் கூறுகின்றார். வறுத்த வாற்கோதுமையும், நெய் கலந்து வேகவைத்த தானியமும், காய்ச்சிய பசுப்பாலுங் கொடுத்து, நாற்பது நாள் முளையிற் கட்டிக் கொழுக்கவைத்து, பின்னர் எவ்விதப் பயிற்சியுமின்றி ஏறி விரட்டுகின்றனர்; வலிய குதிரையும் சின்னாளிற் சோர்ந்து பயனற்றதாகின்றது என்பது அவர் கூற்று.

இவ்விரு சான்றுகளையும் இன்றைய விலங்கு விஞ்ஞான மாணவனிடம் கொடுத்து "நோய் யாது?" என வினவினால், அவன் முதலிற் குதிரையின் வயிற்றையே எண்ணுவான். மாட்டின் வயிறு நான்கு அறைகளையுடையது. புல் முதலிற் சென்று சேருமிடத்திலேயே நுண்ணுயிர்கள் அதனை நொதிக்கச் செய்கின்றன. குதிரைக்கு அவ்வாறன்று. அதன் இரைப்பை மிகச் சிறியது. 500 கிலோகிராம் நிறையுடைய குதிரைக்கும் 8 முதல் 15 லீற்றர் வரையே கொள்ளும். அதனை அடுத்த சிறுகுடலில் மாப்பொருளும் புரதமும் சீரணமாகும். நார்ப்பொருளை நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் கடைசியிலே, குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் வாழ்கின்றன. ஆதலின் குதிரை சிறிது சிறிதாக நாள் முழுவதும் மேயும் விலங்கு; காட்டில் விடப்பட்டால் நாளொன்றில் 14 மணி நேரத்துக்கு மேலும் மேய்ந்துகொண்டேயிருக்கும். மேலும், குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. உண்டது மிகையானால் அதனை வெளித்தள்ளும் வழியில்லை.

இத்தகைய உறுப்பமைப்புடைய விலங்குக்கு ஒரே வேளையிற் பெருமளவு தானியங் கொடுத்தால் நிகழ்வது யாது? சிறுகுடலின் ஆற்றலுக்கு மிஞ்சிய மாப்பொருள் சீரணமாகாமற் பெருங்குடலை அடையும். அங்கு வேறு வகைப் பற்றீரியாக்கள் விரைந்து பெருகி இலற்றிக்கமிலத்தை உண்டாக்கும். நாரைச் சிதைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அவ்வமிலத்தில் மடியும். நச்சுப் பொருள்கள் குருதியிற் கலக்கும். விளைவு ஒன்றேல் வயிற்றுச்சூலை, அன்றேற் குளம்பழற்சி. குளம்பின் உட்புறத்தில் எலும்பையும் குளம்புச் சுவரையும் பிணைக்கும் மென்மையான இழையம் தளர்ந்து, குதிரை கால் ஊன்ற முடியாத வேதனைக்கு ஆளாகும். கடுமையான நிலையில் எலும்பே சுழன்று கீழிறங்கும். நாற்பது நாட் கட்டிக் கொழுத்த குதிரை திடீரெனச் சோர்ந்து பயனற்றதாயிற்று என்று வசாபு எழுதியதைப் படிக்கும் மருத்துவன், இக்குளம்பழற்சியை ஐயுறாதிருக்க மாட்டான்.

ஆயினும் சோற்றை மட்டுங் குற்றஞ்சாட்டுதல் முறையன்று. வேகவைத்த அரிசியின் மாப்பொருள், வேகாததைவிடச் சிறுகுடலில் எளிதாகச் சீரணமாகும் என்பது சோதனையிற் கண்ட உண்மை. இறைச்சியும் நஞ்சன்று; ஐஸ்லாந்தில் மாரிகாலத்திற் குதிரைகளுக்கு உப்பிட்ட மீனைக் கொடுத்து வந்தனர். குற்றம், இருந்ததிலன்று, இல்லாததிலேயே உளது எனல் பொருந்தும். குதிரையின் உடல் நிறையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கேனும் உலர்ந்த புல்லாகவோ வைக்கோலாகவோ நாள்தோறும் உட்செல்லல் வேண்டும் என்பது இன்றைய போசணை நூலாரின் பொதுவிதி. 400 கிலோகிராம் நிறையுள்ள குதிரைக்கு இது 6 கிலோகிராம். நல்ல உலர்புல் பதப்படுத்தும் வழக்கம் நெல்விளை நாடுகளில் வேரூன்றவில்லை. வைக்கோலிற் சத்துக் குறைவு. அரசனின் குதிரை என்பதற்காக அரசன் உண்ணும் உணவே கொடுக்கப்பட்டது. அன்பு மிகுந்தது, அறிவு குறைந்தது.

கொள்ளுப் பயறு இவ்விடத்திலே நினைவுக்கு வருகின்றது. ஆங்கிலத்திலும் குதிரையின் பெயராலேயே வழங்கும் இத்தானியம், புரதம் மிக்கது. வறண்ட நிலத்தில் விளைவது. ஊறவைத்து அல்லது அவித்து, வைக்கோலோடு அளவாகக் கொடுத்தால் உழைக்குங் குதிரைக்கு ஏற்றது. தென்னாட்டு லாயங்களில் பின்னாளில் அது நிலைபெற்றது பட்டறிவின் பயனேயாம்.

இனப்பெருக்கத்தைப்பற்றிப் போலோ எழுதிய ஒரு குறிப்பு இன்னும் நுட்பமானது. சிறந்த பொலிகுதிரையைச் சிறந்த பெண்குதிரையோடு சேர்த்தாலும் இந்நாட்டிற் பிறப்பது கால் கோணிய, ஏறிச் செல்லவொண்ணாக் குட்டியே என்கின்றார். வெப்பத்தின் குற்றமென அக்காலத்தார் எண்ணியிருக்கலாம். இன்றோ வேறொரு விளக்கத்துக்கும் இடமுண்டு. கருவுற்ற குதிரை ஏறத்தாழ 340 நாள் கருவைச் சுமக்கின்றது. குட்டியின் எலும்புக்கூடு பெரும்பாலும் கடைசி மூன்று நான்கு மாதங்களிலே உறுதி பெறுகின்றது. அக்காலத்தில் தாயின் உணவில் கல்சியமும் பொசுபரசும் தகுந்த விகிதத்தில் இருத்தல் வேண்டும். கல்சியம் ஒருபோதும் பொசுபரசிலுங் குறையலாகாது. அரிசித் தவிட்டிலோ பொசுபரசு கல்சியத்தைப்போலப் பத்து மடங்குக்கு மேல் உண்டு. தவிடே முதலுணவானால், உடல் தன் எலும்பிலிருந்தே கல்சியத்தைக் கரைத்தெடுக்கும், முகவெலும்பு வீங்கும், கால்கள் நோகும். ஐரோப்பாவில் மாவாலைக்காரரின் குதிரைகள் தவிடு தின்றே இந்நோயுற்றமையால் அதற்குத் தவிட்டு நோய் என்றே பெயர் வழங்கிற்று. வெப்ப நாட்டுப் புற்கள் சில ஒட்சலேற்று என்னும் பொருளைக் கொண்டுள்ளமையும் இதனோடு சேரும். நம்மூர் வேலியோரங்களில் ஆளுயரம் வளரும் கினிப்புல் அவற்றுளொன்று. மாடு அப்பொருளைத் தன் வயிற்று நுண்ணுயிராற் சிதைத்துவிடும். குதிரையின் குடலிலோ அது கல்சியத்தைப் பற்றிக்கொண்டு வீணே வெளிச்செல்லும். பச்சைப்பசேலென்ற புல்வெளியில் நின்றும் எலும்பு நலியும் நிலை இது. போலோ கண்ட கோணற் கால்களுக்கு இதுவே முடிந்த காரணம் எனச் சாதித்தல் கூடாது. செம்பு, நாகம் முதலிய தாதுக்களின் குறைவும் குட்டியின் எலும்பைப் பாதிக்கும். ஆயினும் குலத்தின்மேலும் தட்பவெப்பத்தின்மேலும் போடப்பட்ட பழி, தொட்டியிலிருந்த தவிட்டைச் சேர்வது பெரிதும் இயல்பு.

ஒளியும் இங்கு ஒரு செய்தி. பெண்குதிரை நாள் நீளும் பருவத்திலே கருக்கொள்ளும் இயல்பினது. இலண்டனில் கோடை நாளுக்கும் மாரி நாளுக்கும் பகற்பொழுதில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு உண்டு. திருகோணமலையிலோ அவ்வேறுபாடு ஏறக்குறைய ஒரு மணி நேரமே. ஆதலின் நிலநடுக்கோட்டுக்கு அண்மையிற் குதிரையின் இனப்பெருக்கப் பருவம் தெளிவிழக்கின்றது. புல்லும் நீரும் அதனை ஆளத் தொடங்குகின்றன. வாடைக்காற்று மழை தரும் மாதங்களிற் கொழுத்து, கச்சான் வீசும் மாதங்களில் மெலியும் விலங்குக்கு, எம்மாதத்தில் குட்டி ஈனுவது நலம் என்பது இவ்விடத்தார் ஆராய்ந்து கூறவேண்டிய வினா; ஐரோப்பிய நூல் கூறாது.

நம் முன்னோர் குதிரை நூல் அறியாதவரல்லர். சாலிகோத்திரர் பெயரால் வழங்கும் நூலும், நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாத்திரமும், சயதத்தரின் அசுவவைத்தியகமும் வடமொழியில் உள. நகுலனது நூலைத் தஞ்சைச் சரசுவதி மகால் 1952 இல் ஓவியங்களோடு அச்சேற்றியது. நிறம், சுழி, வயதறியும் பற்குறி, உணவு, நோய் என்பன அந்நூல்களில் விரிகின்றன. பல்லைக்கொண்டு வயதறியும் முறையை இன்றைய மருத்துவனும் கைக்கொள்கின்றான். சுழியின் பலனை விட்டுவிட்டான். இவ்வறிவெல்லாம் அரசர் லாயத்தோடு நின்றமையும், கற்பிக்கும் பொதுநிலையம் இன்மையும் பெருங்குறை.

ஐரோப்பாவிலும் அக்குறை நெடுங்காலம் இருந்தது. 1761 இல் பிரான்சு தேசத்து லியோன் நகரிலே குளோது பூர்சலா என்பார் முதல் விலங்கு மருத்துவப் பள்ளியை நிறுவ அரசாணை பெற்றார். அவர் குதிரையேற்றப் பயிற்சிக்கழகத்தின் தலைவர். இலண்டனில் 1791 இல் அத்தகைய கல்லூரி எழுந்தது. சென்னை வேப்பேரியில் 1903 இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, 1936 இற் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டம் வழங்கத் தலைப்பட்டது. ஓசூரில் கிழக்கிந்தியக் கம்பனியார் 1824 இல் படைக்குதிரைக்கென அமைத்த பண்ணை பிற்காலத்தில் மாட்டுப் பண்ணையாயிற்று. இம்மாற்றமே அக்கல்வியின் வரலாறும் ஆகும். மோட்டார் வண்டி வந்தபின் குதிரைப் பாடம் சுருங்கிற்று. எனினும் இந்தியா 1985 இல் அரியானாவின் ஹிசாரில் குதிரைக்கென்றே தேசிய ஆராய்ச்சி நிலையம் கண்டது. இலங்கையிற் பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருகவைத்திய, விலங்கு விஞ்ஞான பீடமும், நமக்கு அண்மையில் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்து விவசாய பீடத்தின் விலங்கு விஞ்ஞானத் துறையும் உள. அங்கு மாடும் ஆடும் கோழியும் முதலிடம் பெறுதல் இயல்பே. குதிரை ஓர் அத்தியாயமாகிவிட்டது; தேர்வுக்கு முந்திய இரவிற் புரட்டப்படும் அத்தியாயம்.

நோய்களைப்பற்றி ஒன்று கூறல் வேண்டும். 1880 இல் தேரா இசுமாயில் கானிற் பணியாற்றிய கிரிவித் எவான்சு என்னும் விலங்கு மருத்துவர், சுர்ரா என்னும் நோயால் மடிந்துகொண்டிருந்த குதிரை ஒட்டகங்களின் குருதியை நுணுக்குக்காட்டியில் நோக்கி, அதில் நெளியும் ஒட்டுண்ணியைக் கண்டார். கடியீக்கள் அதனைப் பரப்புகின்றன. காய்ச்சல் விட்டுவிட்டு வரும், குருதி வெளிறும், கால் வீங்கும், மருந்தின்றேல் குதிரை பெரும்பாலும் இறக்கும். பாண்டியரின் லாயங்களில் இந்நோயும் புகுந்திருத்தல் கூடும். அவ்வாறாயின் எத்துணை நல்லுணவும் அக்குதிரைகளைக் காத்திராது.

நொக்ஸ் காணாத குதிரை ஈழத்தில் ஓரிடத்தில் நிலைபெற்றது. அது நெடுந்தீவு. பறங்கியர், ஒல்லாந்தர் காலத்திலிருந்து வளர்க்கப்பட்டு, ஆங்கிலேயர் ஆட்சித் தொடக்கத்தில் நோலன் என்னும் படையதிகாரியின் மேற்பார்வையிற் பெருக்கப்பட்ட மட்டக்குதிரைகளின் வழித்தோன்றல்கள், கட்டற்றுத் தீவின் தென்பாற் புல்வெளிகளில் திரிகின்றன. 2015 இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வறட்சி மிகுந்த ஆண்டுகளில் அவை நீரின்றி மடிந்த செய்தி பலகாலும் வந்துளது. லாயமும் இல்லை, கொள்ளும் இல்லை. ஆயினும் தலைமுறை தலைமுறையாக ஈன்று வாழ்கின்றன. முருகைக்கற் பாறையாலாய அத்தீவின் நீரிலும் புல்லிலும் உள்ள கல்சியம் இவற்றின் எலும்புக்கு உதவிற்றா என்பது ஒரு பட்டப்பின் மாணவனின் உழைப்புக்கு ஏற்ற பொருள். 1983 இல் ஹென்னக் என்பாரும் பிறரும் வகுத்த ஒன்று முதல் ஒன்பது வரையான உடனிலை அளவைக் கைக்கொண்டு, கழுத்து, விலா, வாலடி என்பவற்றின் கொழுப்பை மாதந்தோறும் குறித்து வந்தால், எம்மாதத்தில் எத்துணைக் குதிரைகள் ஆபத்தெல்லையைத் தாண்டுகின்றன என்பது தெரியும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டா. மன்னாரிலும் புத்தளத்திலும் உரிமையாளரின்றித் திரியும் கழுதைகளுக்கும் இம்முறை பெரும்பாலும் பொருந்தும். குதிரைக்கு 64 நிறமூர்த்தம், கழுதைக்கு 62. இனம் வேறாயினும் குடலமைப்பு ஒன்றே.

நெடுந்தீவு தொலைவிலுள்ளது, திருகோணமலையாருக்கு இதனால் ஆவது என்னை என்று வினவுவார் இருக்கக்கூடும். கந்தளாய், மூதூர், கிண்ணியா, சேருவில வயல்களில் இரவில் நீர் பார்க்கச் செல்லும் உழவனைக் கேட்டல் நன்று. வரப்பிற் பாம்பு தீண்டி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும் அவனுக்கு ஏற்றப்படும் எதிர்மருந்து குதிரையின் குருதியிலிருந்து பெறப்படுவது. நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சையும் மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் குதிரைக்கு ஏற்றுவர். மாதக்கணக்கில் அதன் குருதியில் எதிர்ப்பொருள் விளையும். பின்னர்க் குருதியெடுத்து, செங்கலங்களைப் பிரித்து மீண்டும் குதிரைக்கே செலுத்தி, எஞ்சிய தெளிநீரிலிருந்து எதிர்ப்பொருளைத் தூய்மைசெய்து தூளாக்கிச் சிமிழில் அடைப்பர். இலங்கை பயன்படுத்தி வந்தது இந்தியக் குதிரைகளில் விளைந்த மருந்து. இந்தியப் பாம்பின் நஞ்சும் இலங்கைப் பாம்பின் நஞ்சும் முற்றிலும் ஒத்தவையல்ல. மேலும், இங்கு பலரைத் தீண்டும் கூர்மூக்குச் சிறுவிரியனுக்கு அம்மருந்து பயன்படாது. குதிரைப் புரதம் மனிதவுடலிற் சேரும்போது ஒவ்வாமையும் அடிக்கடி நேர்கின்றது. தொடக்கத்திலேயே சிறிதளவு அதிரினலின் ஏற்றினால் அவ்வொவ்வாமை குறையும் என்பதை இலங்கை வைத்தியசாலைகளில் நடைபெற்று 2011 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. பேராதனைப் பல்கலைக்கழகம் கொஸ்தாரிக்காவின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனத்தோடு சேர்ந்து, இலங்கைப் பாம்புகளின் நஞ்சைக்கொண்டே எதிர்மருந்து ஆக்கும் முயற்சியில் இறங்கியதும் இக்காரணத்தாலேயாம். அம்மருந்தும் அந்நாட்டுக் குதிரைகளிலேயே விளைவிக்கப்பட்டது.

அத்தகைய குதிரைக் கொட்டிலொன்று இந்நாட்டில் அமையுமாயின், அதனை நடத்துவோன் கற்றிருக்க வேண்டுவன மேலே கூறியனவே. குதிரைக்குத் தவிட்டை எவ்வளவு குறைப்பது, கினிப்புல்லோடு எதனைச் சேர்ப்பது, கடியீயை எங்ஙனம் தடுப்பது, ஏற்புவலிக்குத் தடுப்பூசி எப்போது இடுவது. ஒரு முறையில் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 13 முதல் 15 மில்லிலீற்றருக்கு மேற் குருதி எடுத்தலாகாது. எடுப்பதற்கு முன் செங்கலத்தின் அளவைச் சோதித்துக் குறைவாயின் அக்குதிரையை அம்முறை விட்டுவிடல் வேண்டும்.